நாற்பத்தொன்றாம் தொட்டில்

பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே ஒரு பழைய சலூன் இருந்தது. முடி வெட்டியவர் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். சுவர்க் கண்ணாடிகளும், காலால் மிதித்தால் உயரும் நாற்காலி ஒன்றும் மிஞ்சின. ஆள் மாறியதே தவிர தொழில் மாறவில்லை. அப்புறமும் அங்கே மொட்டையடிப்புத்தான் நடந்தது. கத்தி மட்டும் இல்லை.

நாற்காலியில் வீற்றிருந்தவர் குல்லா ஐயா. பிறந்த குழந்தையின் ரத்தம் அவரோடு பேசும். வேறு யாரோடும் பேசாது. பெற்ற தாயிடம்கூட ஒரு வார்த்தை சொல்லாத ரத்தம், சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் மட்டும் மனம் திறந்து பேசும். இதைக் கேள்விப்பட்ட எவருக்கும் சிரிப்பு வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

முறை இதுதான். பச்சிளங்குழந்தைகள் வார்டில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வெள்ளைத் துணிக் குல்லா மாட்டியிருப்பார்கள். குல்லாவின் ஓரத்தில் அழியாத மையில் தொட்டில் எண். குழந்தையின் சொந்தக்காரர்கள் நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பும்போது குல்லாவை உருவிக்கொண்டு காலை எட்டு மணிக்குச் சலூனில் கொண்டுவந்து வைக்கவேண்டும். முன்பு சீப்பும் பவுடர் டப்பாவும் இருந்த அலமாரியில் குல்லாக்கள் வரிசையாகக் காத்திருக்கும். பத்தரை மணிக்குத்தான் ஐயா காது கொடுப்பார். "ரத்தம் வாய் தொறக்க ரெண்டரை மணி நேரம் ஆகும்" என்பது அவர் வாக்கு. அது ஏன் சரியாக ரெண்டரை மணி நேரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஐயாவுக்கு அன்றைக்கே கடை மூடியிருக்கும்.

பத்தரை ஆனதும் ஐயா ஒரு குல்லாவை எடுப்பார். எண்ணைப் பார்ப்பார். வலது காதில் வைத்துக் கண்ணை மூடுவார். "வெளுப்பா இருக்கு, நல்ல பிள்ளை" என்றால் கவலையில்லை. ஆனால் சில குல்லாக்களுக்கு ஐயாவின் கால் மிதியைத் தேடும். நாற்காலி ஒரு சாண் உயரும். மறுபடி மிதிப்பார். இன்னொரு சாண். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். "வட்டம்... சிவப்பு வட்டம் சுத்துது..." என்பார். அந்தக் குல்லாவுக்குச் சொந்தமான அம்மாவோ அத்தையோ அங்கேயே குலுங்கி அழுவாள். பிறகென்ன, பரிகாரக் குல்லா. அது ஐயா காதில் ஒரு ராத்திரி முழுக்க வைத்திருந்த குல்லா. சும்மா கிடைக்காது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? ஐயா சொன்னது அப்படியே பலித்தது. எந்தத் தொட்டிலுக்குச் சிவப்பு வட்டம் என்றாரோ, அந்தத் தொட்டில் முன்னால் மத்தியானம் குழந்தை டாக்டரம்மா வந்து நின்று "ரத்தத்துல கிருமி இருக்கும்போலத் தெரியுது" என்பார். "பெரிய படிப்பு படிச்சவங்களுக்கு மத்தியானம் தெரியறது ஐயாவுக்குக் காலையிலயே தெரிஞ்சுபோச்சே!" என்று வார்டே வாயைப் பிளந்தது. டாக்டரம்மா கொடுத்த ஊசி மருந்தில் குழந்தை பிழைத்தால், பிழைக்க வைத்தது பரிகாரக் குல்லா. பிழைக்காவிட்டால் பெற்றவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் ஐயாவின் மீசையில் மண் ஒட்டாத ஏற்பாடு.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மாடிப்படிக்குப் பின்னால் இருந்தது ஆய்வகம். அங்கே ரத்தம் சோதிப்பவளை எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குல்லா ஐயாவின் புகழ் அவள் காதிலும் பல மாதமாக விழுந்துகொண்டுதான் இருந்தது. சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். ஊரை எவன் ஏமாற்றினால் நமக்கென்ன, நம் மெஷின் சரியாக ஓடினால் போதும் என்றிருந்தாள். அந்தச் சிரிப்புக்கான தண்டனையோ என்னவோ, ஐயா ஒரு நாள் அவள் வீட்டுக்குள்ளேயே கையை விட்டார்.

அவளுடைய தம்பிக்கு விடியற்காலையில் ஆண் குழந்தை பிறந்தது. பனிக்குடம் முந்தின நாளே உடைந்திருந்தது. தம்பி மனைவிக்குக் காய்ச்சல் வேறு. குழந்தை ஒன்பதாம் தொட்டிலில் படுத்திருந்தான். அழுகையில் தெம்பில்லை. மார்பில் வைத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். டாக்டரம்மா ஒரு நிமிடம் பார்த்தார். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் கையில் ஊசி ஏற்றி மருந்தை ஓடவிட்டார்.

அந்த ரத்தத்தை லேப் அக்காதான் மெஷினில் ஏற்றினாள். கிருமி உடம்புக்குள் புகுந்தால் ஈரல் ஒரு பொருளைச் சுரக்கும். அதன் அளவுக்குத்தான் சி.ஆர்.பி. என்று பெயர். தம்பி பிள்ளைக்கு அந்த அளவு குறைவாகத்தான் வந்தது. அக்காவுக்கு அதில் நிம்மதி வரவில்லை. கிருமி நுழைந்தவுடனே அந்த எண் ஏறாது. அரை நாள் ஆகும், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். முதல் சோதனையில் குறைவாக வந்தால் நல்ல சேதி என்று அர்த்தமில்லை, சேதி இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். அதனால்தான் டாக்டரம்மா, "மருந்து ஓடட்டும். நாளைக்கு மத்தியானம் இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்று சொல்லியிருந்தார்.

சாயங்காலம் அக்கா வார்டுக்குப் போனபோது வராந்தாவில் ஒரு பை கட்டி வைத்திருந்தது. பக்கத்தில் தம்பியும் தம்பியின் மாமியாரும் நின்றார்கள்.

"என்னடா, பையெல்லாம் கட்டியாச்சு?"

"நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு முன்னாடி பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிடச் சொன்னாருக்கா."

"யாரு, டாக்டரா?"

தம்பி தரையைப் பார்த்தான். மாமியார்தான் நிமிர்ந்து நின்று பதில் சொன்னாள். "ஐயா. காலையிலயே குல்லாவைக் கொண்டுபோய் வச்சுட்டேன். வெளுப்பா இருக்கு, நல்ல பிள்ளைன்னு சொல்லிட்டாரு. சும்மா சும்மா ஊசி குத்தினா ரத்தம் கோவிச்சுக்குமாம். உச்சிப்பொழுதைத் தாண்ட விடாதேன்னு சொன்னாரு."

தம்பியின் கையில் ஒரு தாள் இருந்தது. 'எங்கள் சொந்தப் பொறுப்பில் குழந்தையை அழைத்துச் செல்கிறோம்' என்று அச்சடித்த தாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"டேய், அவன் பால் குடிக்கலடா. தொட்டாக்கூட கண்ணைத் தொறக்கல. இப்ப மருந்தை நிறுத்தினா..."

"ரத்த டெஸ்ட்டும் நல்லாத்தானே வந்திருக்கு? நீதானே பண்ணின?"

"முதல் தடவை அப்படித்தான் வரும். கிருமி உள்ள வந்து அரை நாள் கழிச்சுத்தான்டா அந்த நம்பரே ஏறும். அதுக்குத்தான் நாளைக்கு இன்னொரு தடவை எடுக்கறாங்க."

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா ஒரே தடவையில சொல்றாரு. உங்க மெஷினுக்கு ரெண்டு தடவை கேட்டாத்தான் காது கேக்குமா? பதினேழாம் தொட்டிலுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? நாற்காலியோட மேல போனாரு. சிவப்பு வட்டம் சுத்துதுன்னாரு. அப்புறம் மத்தியானம்தான் உங்க டாக்டரம்மா வந்து கிருமின்னு சொல்றாங்க!"

"என்ன சுத்துதுன்னாரு?"

"சிவப்பு வட்டம்."

அக்காவின் கை அவளுடைய கோட்டுப் பைக்குப் போனது. அங்கே ஒரு சிவப்புப் பேனா இருந்தது. எண் அதிகமாக வந்த குழந்தைகளின் முடிவுச் சீட்டில், வார்டு நர்ஸின் கண்ணில் உடனே படட்டும் என்று, அந்தப் பேனாவால் ஒரு வட்டம் போடுவது அவள் பழக்கம். அன்றைக்குக் காலையில் பதினேழாம் எண்ணுக்கும் போட்டிருந்தாள். உலகத்தில் எந்த ரத்தத்திலும் சிவப்பு வட்டம் சுற்றுவதில்லை. சுற்றியதெல்லாம் அவள் பேனாதான்.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று விளங்கியது. எட்டு மணிக்கு ஆய்வகத்துக்கு ரத்தம் வரும். பத்து மணிக்கு முடிவு அச்சாகும். வார்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கத்தான் இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து, சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறுவது சீட்டு மாமாவின் வேலை. மாடிக்கு மூன்று நிமிட நடை. மாமா ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து ஒரு நாளும் எடுத்ததில்லை. சரி, டீ குடிக்கிறார், பாவம் வயசானவர் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவர் டீ குடிக்கப் போகும் சந்தில்தான் சலூனின் பின்கதவு இருக்கிறது. இன்னொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. போன மாதம் மெஷின் பழுதாகி இரண்டு நாள் ஓடவில்லை. அந்த இரண்டு நாளும் குல்லா ஐயா மௌன விரதம்.

இப்போதே போய்ச் சீட்டு மாமாவின் சட்டையைப் பிடித்தால் என்ன நடக்கும்? மாமா அழுவார். ஐயா சிரிப்பார். 'ஐயா மேல லேப்காரிக்குப் பொறாமை' என்று கூட்டம் தீர்ப்பு எழுதிவிடும். தம்பி பிள்ளை நாளை உச்சிப்பொழுதுக்குள் வீட்டுக்குப் போய்விடுவான். அதற்கப்புறம் நடப்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. கோபத்தை விழுங்கிக்கொண்டு தம்பியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

தம்பி ஒயரிங் வேலை செய்பவன். மாப்பிள்ளை ஊர்வலத்தில்கூடச் சட்டைப் பையில் டெஸ்டரோடு போனவன்.

"ஒரு ஒயர்ல கரண்டு இல்லைன்னு எப்படிடா தெரிஞ்சுக்குவ?"

"டெஸ்டர் வச்சுப் பார்ப்பேன்."

"டெஸ்டரே கெட்டுப்போயிருந்தா?"

"அதை முதல்லயே பார்த்துடுவேன்ல. கரண்டு இருக்குன்னு நல்லாத் தெரிஞ்ச பாயிண்ட்ல ஒரு தடவை வச்சுப் பார்ப்பேன். அங்க எரிஞ்சாத்தான் டெஸ்டரை நம்புவேன்."

"அப்படிப் பார்க்காம ஒயர்ல கை வச்சவங்க?"

"சுவத்துல போட்டோவா தொங்கறாங்க."

"சரி. உங்க ஐயாவை எந்தப் பாயிண்ட்ல வச்சுப் பார்த்த?"

தம்பியின் கை சட்டைப் பைக்குப் போனது. டெஸ்டரைச் சும்மா தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"நாளைக்கு ஒரே ஒரு தடவை வச்சுப் பார்ப்போம். ஐயா ஜெயிச்சா நானே பிள்ளையைத் தூக்கிட்டு வந்து வண்டியில ஏத்தறேன். தோத்தா மருந்து ஓடணும், மத்தியானம் ரத்தம் எடுக்கணும். அதுவரைக்கும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போடக்கூடாது. சம்மதமா?"

"அத்தையும் வரட்டும்" என்றான் தம்பி. அவனும் வீட்டில் குடித்தனம் நடத்தவேண்டுமே.

மறுநாள் காலை லேப் அக்கா தன் மெஷினை முதலில் சோதித்தாள். அது புதிதல்ல, தினமும் செய்வதுதான். மெஷின் கம்பெனி ஒரு சின்னப் பாட்டிலை அனுப்பும். கட்டைவிரல் உயரம். ஆய்வகத்தில் அதற்குக் கன்ட்ரோல் பாட்டில் என்று பெயர். அதற்குள் இருப்பதன் அளவு எவ்வளவு என்று கம்பெனியே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்கும். காலையில் முதல் வேலையாக அதிலிருந்து ஒரு சொட்டை மெஷினுக்குக் கொடுக்கவேண்டும். எழுதிய அளவையே மெஷினும் சொன்னால் அன்றைக்கு அதை நம்பலாம். வேறு சொன்னால் அதைச் சரிசெய்யாமல் ஒரு குழந்தையின் ரத்தத்தையும் தொடக்கூடாது. இத்தனை வருடமாக ஒழுங்காக உழைத்த மெஷினாயிற்றே என்ற தாட்சண்யமெல்லாம் கிடையாது.

மெஷினுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தொட்டில் எண் தட்டாமல் எதையும் சோதிக்காது. அதனால் ஆய்வகத்தில் கன்ட்ரோல் பாட்டிலுக்கும் ஒரு தொட்டில் கொடுத்திருந்தார்கள். நாற்பத்தொன்று. வார்டில் மொத்தமே இருபத்துநாலு தொட்டில்தான். அந்தச் சீட்டு அச்சானதும் கிழித்துக் கோப்பில் வைத்துவிடுவார்கள். வெளியே போகாது.

அன்றைக்குப் போயிற்று. அக்கா அந்தச் சீட்டில் வழக்கத்தைவிடப் பெரிதாக ஒரு சிவப்பு வட்டம் போட்டு மற்றச் சீட்டுகளுக்கு நடுவே செருகினாள். இந்தச் சீட்டு வந்தால் பயப்படாதீர்கள் என்று வார்டு நர்ஸுக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டாள். ஸ்டோரிலிருந்து எந்தக் குழந்தையின் தலையையும் பார்த்திராத புத்தம்புதுக் குல்லா ஒன்றை வாங்கி, ஓரத்தில் 41 என்று எழுதி, எட்டு மணிக்கே தம்பியிடம் கொடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லியிருந்தாள். சீட்டுக் கட்டை வாங்கிக்கொண்ட மாமா, "இன்னிக்கு நிறைய இருக்குபோல" என்று முகம் மலர்ந்தார். நல்ல வியாபார நாள்.

பத்தரைக்குச் சலூன் நிரம்பி வழிந்தது. அக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் புடவையில் வந்து, தம்பிக்கும் அவன் மாமியாருக்கும் நடுவே நின்றாள். ஐயாவுக்கு அவளைத் தெரியாது. அவளைத் தெரிந்த ஒரே ஆள் பின்கதவுக்கு அந்தப் பக்கம் 'டீ குடித்துக்கொண்டு' இருந்தார்.

முதல் மூன்று குல்லாவும் வெளுப்பு. நான்காவதாக ஐயா எடுத்தது நாற்பத்தொன்று. எண்ணைப் பார்த்தார். காதில் வைத்தார். கால் மிதியைத் தேடியது. நாற்காலி உயர்ந்தது. மறுபடி மிதித்தார். மூன்றாம் தடவையும் மிதித்தபோது ஐயாவின் தலை மின்விசிறிக்குப் பக்கத்தில் போனது. இவ்வளவு உயரத்துக்கு அவர் போனதில்லை என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"வட்டம்! பெரிய வட்டம்! இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததில்லை. யாரும்மா இந்தப் பிள்ளைக்குச் சொந்தம்?"

"நான்தாங்க" என்றாள் அக்கா.

"பொம்பளப் பிள்ளை."

"அப்படிங்களா?"

"அழறதுக்குக்கூடத் தெம்பில்லாம கெடக்குது. என்கிட்ட சொல்லிச் சொல்லி அழறது எனக்குத்தான் கேக்குது."

கூட்டத்தில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள். மாமியார் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எந்தப் பிள்ளைக்காக அழுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

"பால் குடிக்குமாங்க?" என்றாள் அக்கா.

"எங்க குடிக்கும்? வாயே தொறக்கல."

"குளிர் தாங்குமாங்க?"

"ஐயோ, தாங்கவே தாங்காது! குளிர் பட்டா அடுத்த நிமிஷம் உயிர் போயிடும். கதகதப்பா வச்சிருக்கணும். பரிகாரக் குல்லா ஒண்ணு போதாது, மூணு வேணும். அப்பன் எங்க? அப்பன் செஞ்ச தப்புதான் பிள்ளையை வாட்டுது."

கூட்டமே அப்பனைத் தேடியது. தம்பி கையைத் தூக்கினான். முன்னால் போனான். சட்டைப் பையில் டெஸ்டருக்குப் பக்கத்திலிருந்து, பஞ்சில் சுற்றி வைத்திருந்த கட்டைவிரல் உயரப் பாட்டிலை எடுத்தான். ஐயா காதிலிருந்து நழுவவிட்ட குல்லாவைக் குனிந்து எடுத்துப் பாட்டிலின் தலையில் மாட்டினான். கழுத்து வரைக்கும் மூடிக்கொண்டது.

"இதுதாங்க பிள்ளை. நாற்பத்தொன்றாம் தொட்டில்."

கூட்டம் பாட்டிலை எட்டிப் பார்த்தது.

அக்கா பேசினாள். "பிறந்த இடம் மருந்துக் கம்பெனி. அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்ல. காலாவதித் தேதி அடியில போட்டிருக்கு, வேணும்னா பாருங்க. பால் குடிக்காதுன்னு ஐயா சொன்னது சரிதான். ஆனா குளிர் தாங்காதுன்னாரு பாருங்க, அங்கதான் தப்பு. இது இருக்கறதே ஃப்ரிட்ஜுலதான். கதகதப்பா வச்சாத்தான் கெட்டுப்போகும்."

முன்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். ஆனால் பக்தி அவ்வளவு லேசில் சாகாது. ஒரு மூக்குக்கண்ணாடிக்காரர் எழுந்தார். "அதுல இருக்கறதும் ஏதோ ரத்தத்துலேருந்து எடுத்ததுதானே? அது பேசியிருக்கும், ஐயாவுக்குக் கேட்டிருக்கும்!"

"கேட்டுச்சு! அதேதான்!" என்று ஐயா உயரத்திலிருந்தே அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி விடவில்லை. அவனுக்கு இப்போது தொழில் புத்தி வந்துவிட்டது. "ஐயா, குல்லா புதுசு. இப்பதான் பாட்டில்ல மாட்டினேன், எல்லாரும் பார்த்தீங்க. நீங்க காதுல வச்சப்ப பாட்டில் என் சட்டைப் பையில இருந்துச்சு. அப்ப குல்லாவுல எது பேசுச்சு, மையா? சரி, அதையும் விடுங்க. அலமாரியில இன்னும் பதினோரு குல்லா இருக்கு. நம்பர் மேல எல்லாம் நான் டேப் ஒட்டிடறேன். ரத்தம்தானே பேசுது, நம்பர் எதுக்கு? கேட்டுச் சொல்லுங்க. டாக்டரம்மா மத்தியானம் சொல்லப்போறதோட ஒத்துப்பார்ப்போம்."

சட்டைப் பையிலிருந்து ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்து முதல் குல்லாவின் எண்ணை மறைத்தும்விட்டான். அந்தக் குல்லாவை ஐயாவிடம் நீட்டினான். ஐயா அதை வாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தார்.

மௌன விரதம்.

"மெஷின் பழுதானப்பவும் இதே விரதம்தான் இருந்தாரு" என்றாள் அக்கா. "ஏன்னு தெரியணும்னா பின்கதவைத் தொறங்க."

பதினேழாம் தொட்டிலின் அப்பா போய்த் திறந்தார். பரிகாரக் குல்லா வாங்க மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். சந்தில் சீட்டு மாமா, ஒரு கையில் டீ, மறுகையில் ஆய்வகத்துச் சீட்டுக் கட்டோடு நின்றார். மேல் சீட்டில் சிவப்பு வட்டம் பளிச்சென்று தெரிந்தது. தொட்டில் எண் நாற்பத்தொன்று. மாமா கையும் களவுமாக அகப்பட்டதில் டீயைக் கூடக் கீழே போடத் தோன்றாமல், "எடுத்துட்டுத்தான் போயிட்டிருந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு எழுந்த கூச்சலை விவரிக்கவேண்டியதில்லை. ஐயா இறங்குவதற்கு மிதியை அழுத்தினார். நாற்காலி புஸ்ஸென்று முனகிக்கொண்டு மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வந்தது. அவ்வளவு நேரமும் எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அதைவிடப் பெரிய தண்டனையை யாராலும் கொடுத்திருக்க முடியாது. மோதிரம் கொடுத்தவர் மட்டும் அதோடு விடவில்லை. போலீஸுக்குப் போன் செய்தார்.

மாமியார் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். தம்பி கையெழுத்துப் போடாத தாளை நாலாகக் கிழித்து வராந்தாக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

மத்தியானம் ஒன்பதாம் தொட்டிலிலிருந்து ரத்தம் வந்தது. அக்கா மெஷினில் ஏற்றினாள். எண் திரையில் விழுந்தது. நேற்றைக்கு இருந்ததைப்போல இருபது மடங்கு. சிவப்புப் பேனாவை எடுத்தாள், வட்டம் வட்டமாக வரவில்லை. அந்தச் சீட்டை அவளே எடுத்துக்கொண்டு மூன்று நிமிட நடையை ஒரு நிமிடத்தில் நடந்து டாக்டரம்மாவிடம் கொடுத்தாள்.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். தொட்டிலையும், ஓடிக்கொண்டிருக்கும் மருந்தையும் பார்த்தார். "நேத்தே ஆரம்பிச்சது நல்லதாப்போச்சு. இன்னிக்கு நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். வெட்கப்படவில்லை. பல மாதமாகச் சிரித்துக்கொண்டு சும்மா இருந்ததற்கும் சேர்த்து அழுதாள்.

மூன்றாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்தான். நாலாம் நாள் பாலுக்காக வார்டு அதிர அழுதான். எண் இறங்கிக்கொண்டே வந்தது. பத்தாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

போகும்போது மாமியார் பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆய்வக வாசலில் வந்து நின்றாள். அங்கிருந்தே மெஷினை எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினாள்.

"அம்மாடி, எங்க கண்ணைத் தொறந்தது இதுதான். பிள்ளையை இதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் கிடத்திக் கும்பிட்டுக்கட்டுமா?"

லேப் அக்காவுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எழுந்து வந்து, மாமியாரின் காலடியிலிருந்த செருப்பை மறுபடி மாட்டிக்கொள்ளும்படி முன்னால் தள்ளி வைத்தாள்.

"வேணாம் அத்தை. இதுவும் ஒரு நாள் தப்பாச் சொல்லும். அதனாலதான் நான் தினமும் காலையில வந்த உடனே இதைச் சந்தேகப்படறேன். உங்க பேரன் பிழைச்சது கும்பிட்டதால இல்ல, சந்தேகப்பட்டதால."

மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"அப்ப நாளைக்குக் காலையிலயும் இதைச் சோதிப்பியா?"

"சோதிப்பேன்."

"நல்லாச் சோதி" என்றாள் மாமியார்.

எதிரே சலூன் பூட்டிக் கிடக்கிறது. அந்த நாற்காலி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அடுத்து ஒருவர் அதில் ஏறி உட்காரும்போது, நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் அவர் கையில் 41 என்று எழுதிய குல்லா ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். வாயில்லாத மெஷினைத் தினமும் சோதிக்கிறோம், வாயுள்ள மனிதனை ஒரு தடவையாவது சோதித்தால் குறைந்தா போய்விடுவோம்?